காற்றைக் கேட்காமல் வைத்த முகூர்த்தம்

என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்னையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். மணப்பெண் செல்வராணி, அவளுடைய அப்பா மண்டோர் வீராசாமி (மண்டோர் என்றால் தோட்டத்து மேஸ்திரி), என் அப்பா சின்னையா, என் அம்மா, எங்கள் தோட்டத்துக் கோயில் பண்டாரம், பஸ் ஓட்டி வந்த ஆ லெக், இரண்டு பக்கத்துச் சொந்தபந்தம், அப்புறம் ஒரு சேவல் (அதை யார் பஸ்ஸில் ஏற்றியது என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை). வராதவர் ஒருவர், வராதது ஒன்று. வராதவர் நாதஸ்வரக்காரர். உப்புக்காற்று பட்டால் நாயனம் கெட்டுவிடும் என்று சொல்லித் தம் ஊரான ரந்தாவிலேயே நின்றுவிட்டார். வராதது, படகு.

அந்தக் கல்யாணத்தில் எங்கள் தலையில் அட்சதை தூவியவர்கள் மூன்றே பேர். மூவரில் ஒருவர்கூடத் தமிழர் இல்லை. இது எப்படி நேர்ந்தது என்று சொல்வதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் நான் படித்தவன் என்பதுதான்.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவம், அதாவது பள்ளி இறுதி வகுப்பு, வரை போன முதல் ஆள் நான். கோலா சாவா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா பால் மரம் சீவினார். நான் அதே தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக உட்கார்ந்து, அவர் எத்தனை மரம் சீவினார் என்று எழுதினேன். அந்த வயதில் எனக்கு ஓர் உறுதியான நம்பிக்கை இருந்தது. உலகத்தில் எந்தச் சிக்கலும் தீராமல் இருப்பதற்குக் காரணம், அதைப் பற்றி யாரும் ஒழுங்காக ஒரு காகிதத்தில் எழுதாததுதான் என்பது.

எங்கள் தோட்டத்துச் சிக்கல் இது. அங்கே இரண்டு லயம், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை. மேட்டு லயத்தில் செல்வராணி வீடு, பள்ளத்து லயத்தில் எங்கள் வீடு. நடுவில் ஒரு திடல், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மாரியம்மன் கோயில். கல்யாணம் என்றால் கோயில் வாசலில் பந்தக்கால் நட வேண்டும். அதற்குக் குழி தோண்ட வேண்டும். அந்தக் குழியில் முதல் கடப்பாரையை இறக்கும் உரிமை எந்த லயத்துக்கு என்பதுதான் வழக்கு. கோயில் கட்ட மண் சுமந்தவர்கள் நாங்கள் என்பார்கள் மேட்டு லயத்தார். அந்த மண் எங்கள் இடத்திலிருந்து தோண்டியதுதானே என்பார்கள் பள்ளத்து லயத்தார் (பள்ளம் வேறெப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்). எனக்கு முந்தைய கல்யாணத்தில் இரண்டு லயமும் ஆளுக்கொரு குழி தோண்டி, ஆளுக்கொரு பந்தக்கால் நட்டுவிட்டது. மாப்பிள்ளை எந்தப் பந்தல் வழியாக உள்ளே போவதென்று தெரியாமல் வெயிலில் முக்கால் மணி நேரம் மாலையோடு நின்றார்.

இந்த நிலையில்தான் நான் மேட்டு லயத்துப் பெண்ணை விரும்பித் தொலைத்தேன். செல்வராணிக்கு நாற்றுப் பண்ணையில் ஒட்டுக்கட்டும் வேலை. காலையில் பெயர் கூப்பிடும் சாக்கில் தினமும் அங்கே போவேன். பண்ணையில் இருந்தது பதினான்கு பேர். நான் பெயர் கூப்பிட்டு முடிக்க எப்படியும் அரை மணி ஆகும்.

இரண்டு அப்பாக்களும் கல்யாணத்துக்கு மறுப்புச் சொல்லவில்லை. குழிக்குத்தான் மறுப்பு.

"அந்தச் சின்னையா கடப்பார எறங்குன எடத்துல எம் மக மணவறை ஏற மாட்டா" என்றார் மண்டோர்.

"மண்டோரு கடப்பார பட்டா நான் தாலி எடுத்துக் குடுக்க மாட்டேன்" என்றார் அப்பா.

சிரம்பானுக்கு ஆபீஸ் வேலையாகப் போயிருந்தபோது பஸ் நிலையத்துச் சுவரில் ஒரு விளம்பரப் படம் பார்த்தேன். நீலக் கடல், வெள்ளை மணல், ஒரு தென்னை மரம். படத்தில் ஓர் ஆளும் இல்லை. எனக்குப் பட்டது ஒன்றுதான்: அங்கே லயமும் இல்லை.

அன்று மாலையே ஒரு புதிய ஃபைல் திறந்தேன். மெர்சிங்குக்கு எதிரே இருக்கும் திங்கி தீவில் கல்யாணம். அதை முடித்துக்கொண்டு ராவா தீவு, பிறகு தியோமான் தீவு என்று மணமக்களுக்கு மூன்று தீவுத் தேனிலவு. தேனிலவு என்ற சொல்லை எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் காரியமாக எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணமான மறுநாள் மரம் சீவப் போவார்கள். மூன்றாம் நாள் போனால் அது பெரிய இடத்துக் கல்யாணம்.

ஆபீஸில் விசாரித்து, மெர்சிங்கில் படகு வைத்திருந்த பாக் மாட் என்ற மலாய்க்காரருக்கு என்னுடைய சிறந்த பள்ளிக்கூட மலாயில் கடிதம் எழுதினேன். நாற்பத்து மூன்று பேரை ஏற்றிச் செல்லப் படகு வேண்டும், மேலும் தயவுகூர்ந்து தீவில் ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி வைக்க வேண்டும் என்று. இரண்டு லயத்துக் கடப்பாரையும் படாத குழி. இப்படி ஒரு தீர்வு எனக்கு முன்னால் யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. முன்பணமாக எண்பது வெள்ளி மணியார்டர் அனுப்பினேன்.

பதில் ஒரு தபால் அட்டையில் வந்தது. முடியும், குழியும் முடியும், இறைவன் நாடினால், காற்றைப் பொறுத்து. இவ்வளவுதான். கடைசி இரண்டையும் மரியாதைக்காக எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அட்டையை ஃபைலில் ஒட்டினேன்.

நாள் குறிப்பதிலும் நான் அறிவாளித்தனத்தைக் காட்டாமல் இல்லை. மார்கழியில் கூடாது. தை பிறந்துவிட்டால் ரப்பர் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும், வேலை குறையும், எல்லாரும் வரலாம். எங்கள் பக்கம் அப்போது மழையும் இருக்காது. பண்டாரம் பஞ்சாங்கம் பார்த்து, தை மாதத்து ஒரு ஞாயிறு, காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை என்று சொன்னார். பஞ்சாங்கம் சரி, தோட்டம் சரி, லயம் சரி. பாக் மாட்டுக்கும் தேதியை எழுதிப் போட்டேன். எல்லாரையும் கேட்டாயிற்று என்று நினைத்தேன்.

செல்வராணி மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். "அந்தக் கடல போயிப் பாத்தீங்களா?"

"கடலப் பாக்க என்ன இருக்கு? மேப்ல இருக்கு."

"நாங்க ஒரு கன்னுக்கு ஒட்டுக் கட்டவே வானத்த ரெண்டு தடவ பாப்போம்."

"அது செடி. இது கல்யாணம்" என்றேன். (இந்த வாக்கியத்தை அவள் பிற்பாடு என் பிள்ளைகளுக்கு நடித்தே காட்டியிருக்கிறாள். என் குரல் அவ்வளவு கீச்சென்று இருக்காது என்பது என் கருத்து.)

மண்டோர் தீவுக்குச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"கிராணி மாப்ள, நீங்க படிச்சவரு. தீவுங்கிறீங்க, சரி. ஆனா முகூர்த்தம் தப்பக் கூடாது. தப்புச்சுன்னா எம் பொண்ண அதே பஸ்ல ஏத்திக் கூட்டியாந்துருவேன். பாரோய்ல லோரி வெச்சிருக்கவங்க வீட்டுல இன்னமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

நான் சிரித்தேன். முகூர்த்தம் தப்புமா? நான்கு பக்க நிகழ்ச்சி நிரலை ஸ்டென்சிலில் வெட்டி, ஐம்பது பிரதி உருட்டி, இரண்டு லயத்துக்கும் வீடு வீடாகக் கொடுத்திருந்தேன். காலை 6.30, படகு புறப்பாடு. 8.30, தீவு. 9.42, தாலி. பகல் 1.15, ராவா தீவுக்குப் பயணம். மாலை 4.10, ராவா மணலில் உலாவுதல் (மணமக்கள் மட்டும்). மறுநாள் 7.00, தியோமானில் சூரிய உதயம் காணல்.

அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். "அது என்னாடா ஒம்பது நாப்பத்திரண்டு? ஒம்பதே முக்கால்னு போட்டா தாலி ஏறாதா?"

"துல்லியம்பா" என்றேன்.

சனிக்கிழமை மதியம் புறப்பட்டோம். தோட்டத்தில் வெயில் பளீரென்று அடித்தது. உதிர்ந்த இலை காலடியில் நொறுங்கியது. பஸ் கூரையில் பந்தக்காலுக்கு ஒரு கல்யாண முருங்கைக் கம்பு, மணவறைச் செங்கல் பன்னிரண்டு, அண்டா குண்டா எல்லாம் ஏற்றி, ஆ லெக்கின் பெரிய பச்சைத் தார்ப்பாயைப் போட்டு மூடிக் கட்டியிருந்தோம். ஆ லெக் தோட்டத்துப் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போனவர். தமிழ் எங்களைப்போலவே பேசுவார். கெட்ட வார்த்தையில் எங்களைவிடத் தேர்ந்தவர்.

குளுவாங் தாண்டியதும் வானம் சாம்பல் நிறமானது. மெர்சிங் நெருங்கும்போது மழை பக்கவாட்டில் பெய்தது. "என்னா தம்பி, மழ படுத்துக்கிட்டு வருது" என்றார் ஆ லெக். கடற்கரைப் பக்கத்தில் சீப்பில்லாமல் சீவினதுபோல மரமெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றது. ஊர்ப் பொது மண்டபத்தில் இரவு தங்க ஏற்பாடு. அங்கே உட்கார்ந்தால் தூரத்தில் ஓயாமல் லோரி ஓடுவதுபோல ஒரு சத்தம்.

"அது என்னாடா?" என்றாள் அம்மா.

"சமுத்திரம்மா. அப்படித்தான் இருக்கும்" என்றேன், நாலு சமுத்திரம் பார்த்தவன்போல. நான் அதுவரை பார்த்திருந்த கடல் போர்ட்டிக்சன் கடல். அது முழங்கால் அளவு, சத்தமே போடாது.

காலை ஆறரைக்கு நாற்பத்து மூன்று பேரும் பட்டுப்புடவை, வேட்டி, ஜவ்வாது வாசனையோடு ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், வந்து இறங்கினோம். கடலைப் பார்த்தேன். அலைகள் இல்லை அவை. எங்கள் ரப்பர் ஆலையின் கூரை ஒவ்வொன்றாகப் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. எங்கேயும் ஒரு படகு இல்லை.

அப்போதுதான் சைக்கிளில், ஒரு கையில் குடையோடு, ஒரு பெரியவர் வந்தார். பாக் மாட். எங்கள் கூட்டத்தை, பட்டுப்புடவைகளை, பந்தக்காலை எல்லாம் ஒருமுறை பார்த்தார். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை, இரக்கம். நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன் என்றார் மலாயில். அவருடைய படகு கரையில் தென்னைகளுக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது. நவம்பரிலிருந்து அப்படித்தான் கிடக்கிறதாம். மார்ச் வரை யாரும் போக மாட்டார்களாம். காற்றைப் பொறுத்து என்று எழுதியிருந்தேனே என்றார். ஒருவேளை வந்துவிட்டால் கொடுக்கலாம் என்று என் எண்பது வெள்ளியையும் ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

அப்புறம் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். "குழி தோண்டியாச்சு. அக்டோபரிலேயே. ரொம்ப நல்ல குழி."

அந்த நிமிடம் என் கண்முன்னால் ஒரு தேர்வுத்தாள் விரிந்தது. ஐந்தாம் படிவம், புவியியல். வடகிழக்குப் பருவக்காற்று தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் ஏற்படுத்தும் விளைவுகளை விளக்குக. மேப் வரைந்து, சிவப்பு மையில் அம்பு போட்டு, நவம்பர் முதல் மார்ச் வரை கடற்பயணம் தடைப்படும் என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தேன். அந்தத் தோட்டத்திலேயே இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். தெரியாதவர்களையெல்லாம் பஸ் வைத்து அழைத்து வந்து நிறுத்தியிருந்தேன்.

மண்டோர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். கையில் என் நிகழ்ச்சி நிரல்.

"கிராணி மாப்ள. படகு பொறப்பாடுன்னு போட்டிருக்கு. எங்க படகு?"

நான் தென்னை மரத்தடியைக் காட்டினேன். அவர் பார்த்தார்.

"கவுந்து கெடக்கு."

"ஆமா மாமா."

"பதினொன்னு வரைக்கும் பாப்பேன்" என்றார். அவர் கத்தியிருந்தால் தேவலை. அமைதியாகப் போய்ப் பஸ்ஸில் செல்வராணி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார், திரும்பிப் போகிறவர் மாதிரி.

அடுத்த மூன்று மணி நேரம் நான் எப்படி ஓடினேன் என்று என் கால்களுக்குத்தான் தெரியும். பொது மண்டபத்தில் அன்று வேறு வீட்டு விருந்து. ஏழு மணிக்கே எங்கள் பாயைச் சுருட்டி வெளியில் வைத்துவிட்டார்கள். ஊர்க் கோயிலில் அதே முகூர்த்தத்துக்கு வரிசையாக மூன்று கல்யாணம். நான்காவது இடம் பகல் ஒரு மணிக்கு என்றார்கள். ஜெட்டியில் கூரை போட்ட கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே போய்ப் பண்டாரம் செங்கல்லை அடுக்கி நெருப்பு மூட்ட உட்கார்ந்தார். ஜெட்டி அதிகாரி ஓடிவந்தார். கொட்டகையின் மறுபாதியில் முழுக்க டீசல் பீப்பாய்.

அதிகாரி நல்ல மனிதர். கல்யாணத்துக்கு அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஊரே எரிவதற்குத்தான் ஆட்சேபணை. கையால் காட்டினார்: அதோ, படகு இறக்கும் சிமெண்டுத் தளம், அங்கே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். தளத்துக்கு மேலே வானம்தான் கூரை. வானம் கொட்டிக்கொண்டிருந்தது.

"நெருப்பு இல்லாம தாலி இல்ல தம்பி" என்றார் பண்டாரம். "பந்தக்கால் இல்லாம மணவறையும் இல்ல. சொல்லிப்புட்டேன்."

மணி ஒன்பது ஐம்பது. என் 9.42 எட்டு நிமிடங்களுக்கு முன்னால் செத்துப்போயிருந்தது. மழையில் நனைந்த நிகழ்ச்சி நிரல்களின் மை கரைந்து, என் பக்கத்துச் சொந்தமெல்லாம் ஊதா நிறக் கையோடு நின்றது. நான் பஸ் படிக்கட்டில் ஏறி, செல்வராணியிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

"ராணி, என் தப்புத்தான்."

"அது அப்புறம்" என்றாள். கன்னத்துப் பவுடர் கொஞ்சம் கரைந்திருந்தது, குரல் கரையவில்லை. "மேல கட்டியிருக்கே, அந்தத் தார்ப்பாய் எவ்வளவு பெருசு?"

தெரியாது என்றேன். (நான்கு பக்க நிரலில் அது ஒன்றுதான் இல்லை.) முன் இருக்கையிலிருந்து ஆ லெக் திரும்பினார். "பெருசு லா தங்கச்சி. இந்த பஸ்ஸயே மூடலாம்."

"பண்ணையில காத்து மழ வந்தா கூரைய நம்ப மாட்டோம்" என்றாள் அவள். "பொம்பளைங்க எல்லாம் ஆளுக்கொரு முனை புடிச்சுக்கிட்டு கன்னுக்கு மேல நிப்போம். ஒரு மணி நேரங்கூட நின்னிருக்கோம். நாப்பது பேரு இருக்கோமே. கம்பு எதுக்கு?" பிறகு தன் அப்பாவைப் பார்த்தாள். "பதினொன்னு வரைக்கும்னுதான சொன்னீங்க. எறங்குங்கப்பா."

மண்டோர் இறங்கினார். நாற்பது பேருக்கு வேலை பிரித்துக்கொடுத்து வாழ்ந்த மனிதர். வேலை என்று வந்ததும் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "மேட்டு லயம் இந்தப் பக்கம், பள்ளத்து லயம் அந்தப் பக்கம். இழுத்துப் புடி. ஏய், நீ குட்டை, நடுவுக்குப் போகாத." ஐந்து நிமிடத்தில் சிமெண்டுத் தளத்தின்மேல் ஒரு பச்சைப் பந்தல் எழுந்தது. சுற்றிலும் தூணுக்குப் பதில் சித்தப்பா, பெரியம்மா, அத்தை, மச்சான்.

பந்தல் நடுவில் தொய்ந்தது. மழைநீர் குளமாகச் சேர்ந்து பண்டாரத்தின் தலைக்கு மேலே தொங்கியது. நடுவே ஒரு கம்பு வேண்டும். இருந்தது ஒரே கம்பு, பந்தக்கால்.

சிமெண்டில் குழி தோண்ட முடியாது. யாருடைய கடப்பாரையும் இறங்காது. என் ஃபைலில் நான் தேடிய தீர்வு இதுதான், நான் தேடாமலே.

"நட வேணாம். நிக்க வெச்சாப் போதும்" என்றார் பண்டாரம், மேலே தொங்கும் குளத்தைப் பார்த்தபடி. "சீக்கிரம் வைங்க."

அப்பா பாய்ந்து போய்க் கம்பைப் பிடித்தார். மண்டோரும் பாய்ந்து அதற்கு மேலே பிடித்தார்.

"நான் புடிச்சுட்டேன், நீங்க விடுங்க" என்றார் அப்பா.

"நீங்க விடுங்க."

அந்த நேரம் பார்த்துக் கடலிலிருந்து ஒரு காற்று வந்தது. தார்ப்பாய் பாய்மரம்போல உப்பியது. கம்பு மேலே கிளம்பியது. கம்போடு இரண்டு சம்பந்திகளும் நுனிக்காலில் இரண்டடி கடல் பக்கம் நகர்ந்தார்கள்.

"விட்றாதய்யா" என்று கத்தினார் மண்டோர்.

"நீ மொதல்ல இறுக்கிப் புடிய்யா" என்றார் அப்பா.

அதன்பிறகு அவர்களில் யாரும் விடுங்கள் என்று சொல்லவில்லை. விட்டால் பந்தல் நெருப்பின்மேல் விழும். இரண்டு பேருக்கும் தெரிந்தது. காற்று வரும்போதெல்லாம் இருவரும் கட்டிப்பிடித்த மாதிரி கம்பைச் சுற்றி ஒரு சுற்று ஆடி, திரும்ப வந்து நின்றார்கள். பதினெட்டு வருடமாகத் திருவிழாவில்கூட எதிரெதிர்த் திசையில் சாமி கும்பிட்டவர்கள்.

பண்டாரம் செங்கல் அடுக்கி நெருப்பு வளர்த்தார். புகை முழுக்கப் பந்தலுக்குள்ளேயே சுற்றியது. எல்லார் கண்ணிலும் தண்ணீர். பிற்பாடு புகைப்படம் பார்த்தவர்கள், பெண்ணைப் பிரிவதற்கு மேட்டு லயமே இப்படி அழுததா என்று கேட்டார்கள். தாலியை எடுத்துக் கொடுக்க வேண்டிய என் அப்பாவுக்குக் கை ஒழியவில்லை. தேங்காய்த் தட்டிலிருந்து அம்மா தோளால் தார்ப்பாயைத் தாங்கியபடியே எடுத்துக் கொடுத்தாள்.

"கெட்டி மேளம்" என்றார் பண்டாரம்.

மேளம் நாதஸ்வரக்காரரோடு ரந்தாவில் இருந்தது. பஸ்ஸிலிருந்து ஆ லெக் ஹார்னை அழுத்தினார். நீளமாக, விடாமல். அவிழ்ந்து திரிந்த சேவலும் தன் பங்குக்குக் கூவியது. மணி பத்து நாற்பத்தேழு. மூன்று முடிச்சும் நானே போட்டேன். பின்னால் முடிச்சுப் போட வேண்டிய என் தங்கை வடமேற்கு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அட்சதை" என்றார் பண்டாரம்.

நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லார் மடியிலும் மஞ்சள் அரிசி இருந்தது. ஒருவருக்கும் கை இல்லை. கை ஒழிந்து நின்றவர்கள் மூவர்: பாக் மாட், ஜெட்டி அதிகாரி, ஹார்னை விட்டுவிட்டு ஓடிவந்த ஆ லெக். அம்மா அரிசித் தட்டைக் கண்ணால் காட்டினாள். பாக் மாட் ஒரு பிடி அள்ளி, விதை தூவுகிறவர்போலப் பதமாகத் தூவினார். ஜெட்டி அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டுத் தூவினார். ஆ லெக் மீதித் தட்டை அப்படியே எங்கள் தலையில் கவிழ்த்தார்.

சடங்கு முடிந்து கம்பையும் தார்ப்பாயையும் இறக்கியதும், பாக் மாட் துணி முடிச்சை மறுபடி என்னிடம் நீட்டினார். வாங்கப் போன என் கையை மண்டோர் தடுத்தார். "இருக்கட்டும், பாக். கடல் நல்லா இருக்கையில இவங்க வருவாங்க. அப்ப ஏத்திக்கிட்டுப் போங்க" என்றார், மலாயும் தமிழும் கலந்து. பாக் மாட் தலையாட்டி முடிந்துகொண்டார்.

எங்கள் தேனிலவு ஆ லெக்கின் பஸ்ஸில் நடந்தது. முன் இருக்கை எங்களுக்கு. ஆ லெக்கையும் சேர்த்து மீதி நாற்பத்தொரு பேரும் கூடவே. தார்ப்பாய் நடுவில் கிழிந்துவிட்டிருந்தது. ஜன்னல் ஓரமெல்லாம் ஈரப் புடவை காய்ந்தது. நனையாமல் தப்பிய ஒரே ஒரு நிரல் மண்டோர் சட்டைப்பையில் இருந்தது. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, கடிகாரம் பார்த்து, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்துக்கொண்டு வந்தார். குளுவாங்கில் கோப்பி குடிக்க நிறுத்தினோம்.

"மணி ஒன்னே கால். இப்ப நீங்க ராவாவுக்குப் பயணப்படுறீங்க, மாப்ள."

பிறகு நெடுஞ்சாலையில் ஒரு டயர் மாற்றினோம். மழை விட்டிருந்தது. நானும் செல்வராணியும் சாலையோரத்தில் நின்றோம்.

"நாலு பத்து. ராவா மணலில் உலாவுதல்" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "அடைப்புக்குள்ள போட்டிருக்கு, மணமக்கள் மட்டும். ஏய், எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

நாற்பத்தொரு பேரும் கடமையாக மறுபக்கம் திரும்பினார்கள். செல்வராணி சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. நாங்கள் டயரிலிருந்து ஒரு எண்ணெய்ப்பனை வரைக்கும் உலாவிவிட்டு வந்தோம்.

மேட்டு லயமும் பள்ளத்து லயமும் ஒன்றாகிவிட்டன என்று எழுத ஆசைதான். இல்லை. குழிச் சண்டை போய், அன்றைக்குக் கம்பில் யார் கை மேலே இருந்தது என்ற சண்டை வந்தது. அது இன்னும் தீரவில்லை. ஆனால் அடுத்த கல்யாணத்திலிருந்து பந்தக்காலை இரண்டு லயத்துக்காரர்களும் சேர்ந்துதான் தூக்கிப் பிடித்தார்கள், தங்கள் கை மேலே இருக்க வேண்டும் என்பதற்காகவாவது. என் வீட்டில் நான் எதைத் திட்டமிட்டாலும், மகளைப் பள்ளியில் சேர்ப்பதானாலும், செண்டாயான் பக்கம் வீடு பார்ப்பதானாலும், ஒரு கேள்வி வரும். "காத்தக் கேட்டீங்களா?" இப்போது மகளும் அதைக் கேட்கிறாள், அம்மா குரலில்.

ஏழு வருடம் கழித்து ஒரு ஜூலை மாதம், நான் நிரல் எதுவும் எழுதாமல், செல்வராணி நாள் பார்த்துப் புறப்பட்டோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், இரண்டு அப்பாக்கள். கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. பாக் மாட் கொஞ்சம் கூனியிருந்தார். எங்களைப் பார்த்ததும், அன்று இரக்கப்பட்ட அதே முகம் சிரித்தது. மூன்று தீவுக்கும் அவரே கூட்டிப்போனார். திங்கி தீவில் இறங்கியதும் முதலில் என் குழியைக் காட்டினார். ரொம்ப நல்ல குழி, வீணாக விட மனமில்லை என்று அதில் ஒரு தென்னங்கன்று வைத்திருந்தார். அது காய்த்து நின்றது. மண்டோரும் அப்பாவும் மரத்தை ஆளுக்கொரு பக்கம் தட்டிப் பார்த்து, இது யார் லயத்துக்கும் சேராது என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லி, ஆளுக்கொரு இளநீர் குடித்தார்கள்.

திரும்பும்போது கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். நீ ஏழு வருடம் முன்னாலேயே கொடுத்துவிட்டாய் என்றார் பாக் மாட். எவ்வளவு மன்றாடியும் ஒரு காசு வாங்கவில்லை. ஆக, தீவுக் கல்யாணத்துக்கும் மூன்று தீவுத் தேனிலவுக்குமாகப் படகுக்கு எண்பது வெள்ளி, ஆ லெக்கின் கிழிந்த தார்ப்பாய்க்கு முப்பத்தைந்து வெள்ளி. மொத்தம் நூற்றுப் பதினைந்து வெள்ளி.